நிரல் இடைமுக ஆவணங்களில் புறத்தரநிலைகளைச் சுட்டுதல்: பதிப்பு, பொருள், பேணுதல்

ஆய்வுச் சுருக்கம்

மென்பொருள் நிரலகங்களை விளக்கும் இடைமுக ஆவணங்கள், தமக்குப் புறத்தே பிற அமைப்புகள் வெளியிட்ட தரநிலைகளைப் பலவிடங்களிலும் சுட்டுகின்றன. அச்சுட்டல்கள் மேல்விளக்கக் குறிப்புகளாகவே கருதப்படுவதால் எழுதப்பட்ட நிலையிலேயே பல ஆண்டுகள் கிடந்துவிடுவதுண்டு. ஒரு தரநிலைச் சுட்டல் என்பது நிரலின் நடத்தை குறித்துத் தரப்படும் உறுதிமொழி என்பதையும், அதனால் நிரலைப் பேணுவது போலவே அதனையும் பேணவேண்டும் என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது. இணைய முகவரி, காலக்குறிப்பு, ஒருங்குறி ஆகிய மூன்று துறைகளிலிருந்து ஜாவா, பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் மொழிகளின் வழக்குகள் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. இறுதியில் சுட்டல்களைப் பேணுவதற்கான நெறிகள் தொகுத்துரைக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: நிரல் இடைமுகம், தரநிலை, பதிப்பு, ஆர்எஃப்சி, ஒருங்குறி, ஆவணப் பேணல்.

முன்னுரை

தொல்காப்பிய நூற்பா ஒன்றை எண்ணால் மட்டும் சுட்டும் ஆய்வாளர், எவ்வுரையின் பகுப்பைப் பின்பற்றுகிறார் என்பதையும் கூறவேண்டியுள்ளது. உரையாசிரியர்கள் நூற்பாக்களைப் பிரித்தும் சேர்த்தும் கொண்டமையால், ஓர் உரையில் காணும் எண் மற்றோர் உரையில் வேறொரு நூற்பாவைக் குறிக்கக்கூடும். பதிப்பைச் சொல்லாத மேற்கோள் வாசகரைத் தவறான இடத்திற்கு இட்டுச்செல்லும். இது நாம் அனைவரும் அறிந்த ஆய்வொழுக்கம்.

இவ்வொழுக்கம் மென்பொருள் ஆவணங்களுக்கும் பொருந்தும். ஆனால் அங்கு விளைவு வேறுவகையானது. தவறான மேற்கோளைப் படிக்கும் ஆய்வாளர் நூலைப் புரட்டிப் பார்த்துத் திருத்திக்கொள்ள இயலும். தவறான தரநிலைச் சுட்டலை நம்பி எழுதப்பட்ட நிரலோ, பிழையை அறியாமலே இயங்கிக்கொண்டிருக்கும்.

ஏபிஐ என வழங்கும் நிரல் இடைமுகம், ஒரு நிரலகத்தைப் பிற நிரல்கள் பயன்படுத்துவதற்குரிய வாயிலாகும். எச்செயற்கூற்றை எவ்வாறு அழைப்பது, அது எதைப் பெற்று எதைத் தரும், எப்போது பிழையுரைக்கும் என்பனவற்றை இடைமுக ஆவணம் கூறுகிறது. நிரலர் பெரும்பாலும் நிரலகத்தின் உள்ளமைப்பைப் பார்ப்பதில்லை, ஆவணத்தையே நம்புகிறார். ஆவணமும் அனைத்தையும் தானே விளக்குவதில்லை. இணைய முகவரியின் இலக்கணம், நாளும் நேரமும் எழுதும் முறை, எழுத்துகளின் குறியீட்டெண்கள் போன்றவற்றை ‘இன்ன தரநிலையின்படி’ என்னும் ஒரு தொடரால் சுட்டிவிட்டு மேற்செல்கிறது. அந்த ஒரு தொடருக்குள் நூற்றுக்கணக்கான பக்கங்களின் விதிகள் அடங்கியிருக்கக்கூடும். எனவே அத்தொடரின் பொருள் யாது, அது காலப்போக்கில் என்னாகிறது, அதனை எவ்வாறு பேணுவது ஆகிய மூன்று வினாக்களை முன்வைத்து இக்கட்டுரை அமைகிறது.

1. சுட்டலின் வகைகள்

தரநிலைகளை வெளியிடும் அமைப்புகள் தம் ஆவணங்களுக்குள் பிற ஆவணங்களைச் சுட்டுவதற்கென நெறிகளை வகுத்துள்ளன. அவற்றுள் இரண்டு பாகுபாடுகள் இங்குத் தேவையானவை.

முதலாவது, விதிச்சுட்டல், விளக்கச்சுட்டல் என்னும் பாகுபாடு. சுட்டப்படும் ஆவணத்தைப் பின்பற்றாமல் இவ்வாவணத்தைச் செயற்படுத்த இயலாது என்றால் அது விதிச்சுட்டல். பின்னணியை அறிய உதவுவது மட்டுமே என்றால் அது விளக்கச்சுட்டல். ஐஇடிஎஃப் என்னும் இணையப் பொறியியல் பணிக்குழுவின் ஆர்எஃப்சி ஆவணங்களில் இவ்விருவகைச் சுட்டல்களும் தனித்தனிப் பட்டியல்களாக இறுதியில் தரப்படுவது இன்றைய வழக்கம்.

இரண்டாவது, காலங்குறித்த சுட்டல், காலங்குறியாச் சுட்டல் என்னும் பாகுபாடு. ஐஎஸ்ஓ அமைப்பின் வரைவு நெறிகளின்படி, வெளியீட்டு ஆண்டுடன் சுட்டினால் அப்பதிப்பு மட்டுமே பொருந்தும். ஆண்டின்றிச் சுட்டினால் திருத்தங்கள் உள்ளிட்ட அண்மைப் பதிப்பு பொருந்தும். ஆண்டு எழுதப்படாமைக்கும் அங்குத் திட்டமான பொருள் உண்டு என்பது கவனத்திற்குரியது.

இடைமுக ஆவணங்களில் இத்தகைய பொதுநெறி வேரூன்றவில்லை. ‘இச்செயற்கூறு ஐஎஸ்ஓ 8601-இன்படி நாளைத் தரும்’ என்று எழுதும் நிரலர், தாம் ஆண்டைக் குறிப்பிடாததன் வழியாக அண்மைப் பதிப்பைப் பின்பற்றுவதாக வாக்களிக்கிறோம் என்று எண்ணுவதில்லை. படிப்பவரும் எப்பதிப்பு என்று கேட்பதில்லை. எழுதியவரின் கருத்தும் படிப்பவரின் புரிதலும் வேறுபடும் இடம் இதுவே.

தரநிலைகளுக்கிடையேயான உறவும் ஒரேவகையானதன்று. ஓர் ஆர்எஃப்சி வெளியிடப்பட்டபின் அதன் உரை மாற்றப்படுவதில்லை. கண்டறியப்படும் பிழைகள் தனிப் பட்டியலாகத் தரப்படுகின்றன. மாற்றம் தேவையெனில் புதிய எண்ணுடன் புதிய ஆவணம் வெளியாகும். அது பழையதை முற்றிலும் வழக்கொழிக்கலாம். அல்லது அதன் ஒரு பகுதியை மட்டும் திருத்தலாம். ‘வேண்டும்’, ‘கூடாது’ போன்ற கட்டாயச் சொற்களுக்குப் பொருள் வரையறுத்த ஆர்எஃப்சி 2119, 1997-இல் வெளியானது. 2017-இல் வெளியான ஆர்எஃப்சி 8174, அச்சொற்கள் ஆங்கிலப் பேரெழுத்துகளில் எழுதப்பட்டால் மட்டுமே அச்சிறப்புப் பொருளைப் பெறும் என்று தெளிவுபடுத்தியது. பழைய ஆவணம் இன்றும் செல்லுபடியாவதே. ஆயினும் இரண்டையும் இணைத்தே படிக்கவேண்டும். பழைய எண்ணை மட்டும் சுட்டும் இடைமுக ஆவணத்தில், இயல்பான எழுத்தில் அமைந்த அதே சொல் கட்டாயத்தைக் குறிக்கிறதா என்னும் ஐயம் தீராமல் நிற்கும்.

2. வழக்கொழிந்த தரநிலையைச் சுட்டுதல்: இணைய முகவரி

வழக்கொழிந்த தரநிலையைச் சுட்டும் ஆவணம் பேணப்படாதது என்பது பலரிடம் உள்ள எண்ணம். அவ்வெண்ணம் எப்போதும் சரியன்று என்பதற்கு ஜாவாவின் யூஆர்ஐ என்னும் இனக்குழு நல்ல சான்றாகும்.

இணைய முகவரியின் பொது இலக்கணம் 1998-இல் ஆர்எஃப்சி 2396 ஆக வெளியானது. அதில் ஒரு சிறு திருத்தத்தை 1999-இல் ஆர்எஃப்சி 2732 செய்தது. 2005 சனவரியில் வெளியான ஆர்எஃப்சி 3986 இவ்விரண்டையும் வழக்கொழித்தது. ஜாவாவின் யூஆர்ஐ இனக்குழுவோ இன்றளவும் தன் ஆவணத்தில் 2396-ஐயும் 2732-ஐயுமே தன் இலக்கணமாகச் சுட்டுகிறது. இருபது ஆண்டுகளுக்குமுன் வழக்கொழிந்த எண்களைக் கண்டு, அவற்றைப் ‘புதுப்பிக்க’ விரும்பும் ஆவண ஆசிரியர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். அவர் 2396 என்பதை அழித்து 3986 என்று எழுதினால் ஆவணம் புதிதாகத் தோன்றும், ஆனால் பொய்யுரைக்கும்.

காரணம், இரு தரநிலைகளும் ஒரே உள்ளீட்டிற்கு வெவ்வேறு விடைகளைத் தருகின்றன. சார்புமுகவரி ஒன்றை முழுமுகவரியாக்கும் விதியைக் காண்போம். எழுத்துகளை இடக்குறிகளாகக் கொண்டு, அடிமுகவரி ‘அ/ஆ/இ/ஈ?உ’ எனவும், அதில் ‘அ’ என்பது வழங்கியின் பெயர் எனவும், வினாக்குறிக்குப் பின்வருவது வினவல் எனவும் கொள்வோம். சார்புமுகவரி ‘?ஊ’ என்பதாயின்,

ஆர்எஃப்சி 2396-இன்படி விடை: அ/ஆ/இ/?ஊ

ஆர்எஃப்சி 3986-இன்படி விடை: அ/ஆ/இ/ஈ?ஊ

முன்னதில் ‘ஈ’ என்னும் இறுதிக்கூறு நீங்கிவிடுகிறது, பின்னதில் நிலைத்திருக்கிறது. அவ்வாறே, இருக்கும் அடைவுகளைக் காட்டிலும் மிகுதியான முறை மேல்நோக்கிச் செல்லப் பணிக்கும் ‘../../../எ’ என்னும் சார்புமுகவரிக்கு முதல் தரநிலை ‘அ/../எ’ என எஞ்சிய புள்ளிகளை விட்டுவைக்கிறது. இரண்டாவது அவற்றை நீக்கி ‘அ/எ’ எனத் தருகிறது. ஜாவாவின் யூஆர்ஐ இனக்குழு இரண்டிடங்களிலும் 2396-இன் விடையையே தருகிறது. ஆகவே அதன் ஆவணம் பழைய எண்ணைச் சுட்டுவது பேணாமையின் விளைவன்று. நிரலின் உண்மையான நடத்தையை அறிவிப்பதாகும்.

மேலும், அவ்வாவணம் தன் விலகல்களையும் வெளிப்படையாகப் பட்டியலிடுகிறது. 2396 ஆஸ்கி எழுத்துகளை மட்டுமே ஏற்கும். யூஆர்ஐ இனக்குழு கட்டுப்பாட்டுக்குறிகளும் இடைவெளிகளும் அல்லாத பிற ஒருங்குறி எழுத்துகளையும் ஏற்கிறது. தமிழெழுத்துகள் நேரடியாக அமைந்த முகவரியை அது ஏற்பது இவ்விலகலால்தான். தரநிலையை மட்டும் படித்தவர் இது பிழையென்று கருதுவார். ஆவணத்தைப் படித்தவர் இது அறிந்து செய்யப்பட்ட விலகல் என்று உணர்வார்.

பைத்தான் மொழி வேறு வழியைத் தேர்ந்தது. முகவரிகளை இணைக்கும் அதன் செயற்கூற்றின் நடத்தை, 3.5-ஆம் பதிப்பில் 3986-இன் பொருளுக்கு ஏற்ப மாற்றப்பட்டது. அம்மாற்றம் எப்பதிப்பில் நிகழ்ந்தது என்பதும் அச்செயற்கூற்றின் விளக்கத்திலேயே பதிவுசெய்யப்பட்டுள்ளது. ஒன்று பழமையைக் காத்தது. மற்றொன்று புதுமையை ஏற்றது. இரண்டு ஆவணங்களும் தத்தம் நிரலுக்கு உண்மையாக உள்ளன. எனவே ஒரு சுட்டலின் தகுதியை அது சுட்டும் தரநிலையின் புதுமையைக் கொண்டு அளவிடலாகாது. நிரலுக்கும் அதற்கும் உள்ள பொருத்தத்தைக் கொண்டே அளவிடவேண்டும்.

எண்ணை மாற்றுவது எளிதன்று என்பதற்கு மற்றொரு காரணமும் உண்டு. எச்டிடிபி 1.1 நெறிமுறையை வரையறுத்த ஆர்எஃப்சி 2616, 1999-இல் ஒரே ஆவணமாக வெளியானது. 2014-இல் அது 7230 முதல் 7235 வரையிலான ஆறு ஆவணங்களாகப் பிரிக்கப்பட்டது. 2022-இல் அவையும் வழக்கொழிந்து, பொதுப்பொருள் 9110-இலும், தேக்ககம் 9111-இலும், 1.1-க்கே உரிய தொடரமைப்பு 9112-இலும் அமைந்தன. தேக்ககக் கட்டுப்பாட்டுத் தலைப்பைப் பற்றி 2616-இன் 14.9-ஆம் பிரிவைச் சுட்டிய ஆவணம், இன்று 9111-இன் 5.2-ஆம் பிரிவைச் சுட்டவேண்டும். ஓர் எண்ணுக்கு மாற்றாக மற்றோர் எண்ணை இயந்திரத்தனமாக இடுவதால் இது நிறைவேறாது. ஒவ்வொரு சுட்டலையும் படித்து, அது எப்பொருளைக் குறித்தது என்று அறிந்தே மாற்றவேண்டும்.

3. ஒரு பெயர், பல பொருள்: காலக்குறிப்பு

தரநிலையின் பெயரைச் சரியாகச் சொல்லியும் பொருள் தெளிவுறாத நிலை உண்டு. ‘ஐஎஸ்ஓ 8601 வடிவில் நாளைத் தருக’ என்பது இணையச் சேவைகளின் ஆவணங்களில் மிகப் பரவலாகக் காணப்படும் தொடர்களுள் ஒன்று. 1988-இல் முதன்முதல் வெளியாகி, 2000, 2004, 2019 ஆகிய ஆண்டுகளில் மறுபதிப்புக் கண்ட இத்தரநிலை மிக விரிந்தது. 2024 பிப்ரவரி முதல் நாளை ‘2024-02-01’ என எழுதலாம்; இடைக்கோடுகளின்றி ‘20240201’ எனவும் எழுதலாம்; ஆண்டின் 32-ஆம் நாள் என்னும் பொருளில் ‘2024-032’ எனவும் எழுதலாம்; ஆண்டு, வாரம், கிழமை என்னும் முறையிலும் எழுதலாம். நேர மண்டலத்தைக் குறிப்பிடுவதும் கட்டாயமன்று.

இடைமுக ஆவணத்தை எழுதுவோர் இத்தனை வடிவங்களையும் கருதுவதில்லை. அவர்கள் கருதுவது பெரும்பாலும் 2002-இல் வெளியான ஆர்எஃப்சி 3339-இன் சுருங்கிய வடிவத்தையே. அது 8601-இலிருந்து இணையத்திற்குத் தேவையானவற்றை மட்டும் தெரிந்தெடுத்து, நேர மண்டல வேறுபாட்டைக் கட்டாயமாக்கியது. மேலும் ஆர்எஃப்சி ஆவணங்களை எவரும் விலையின்றிப் படிக்கலாம். ஐஎஸ்ஓ தரநிலைகள் பொதுவாக விலைக்கே கிடைக்கின்றன. விலைகொடுத்து வாங்கிப் படிக்காத ஒரு தரநிலையைச் சுட்டி எழுதுவதும், அதனைப் படிக்காமலே பின்பற்றுவதும் இத்துறையில் இயல்பாகிவிட்டன.

சில வேளைகளில் செயற்கூற்றின் பெயரே தரநிலையைச் சுட்டிவிடுகிறது. பைத்தானின் ‘ஃப்ரம்ஐஎஸ்ஓஃபார்மட்’ என்னும் செயற்கூறு 3.7-ஆம் பதிப்பில் அறிமுகமானது. அதன் பெயரைப் படிப்பவர், ஐஎஸ்ஓ வடிவங்கள் அனைத்தையும் அது ஏற்கும் என்று எண்ணுவர். 3.10 வரை அது, பைத்தானின் இணைச் செயற்கூறு உருவாக்கும் வடிவங்களை மட்டுமே ஏற்றது. ஆவணமும் அவ்வாறே எச்சரித்தது. 3.11-இல் பெரும்பாலான வடிவங்களை ஏற்குமாறு விரிவாக்கப்பட்டபோது, ஏற்காதவை எவை என்பது பட்டியலாகத் தரப்பட்டது. மேற்கண்ட ‘2024-032’ என்னும் வடிவம் அவ்விலக்குப் பட்டியலில் இடம்பெறுகிறது. பெயர் தரும் பரந்த வாக்குறுதியை ஆவணத்தின் விலகற்பட்டியல் வரம்புக்குள் கொணர்கிறது.

தரநிலையின் பதிப்பு மாற்றம் நேரடியாகக் கடிகாரத்தையே மாற்றிய வழக்கு ஜாவாஸ்கிரிப்டில் உண்டு. அம்மொழியின் தரநிலை எக்மாஸ்கிரிப்ட். நேர மண்டலம் குறிப்பிடப்படாத சரத்தை எவ்வாறு கொள்வது என்பதில் அதன் பதிப்புகள் வேறுபட்டன. 2011-இல் வெளியான 5.1-ஆம் பதிப்பு அதனைப் பன்னாட்டுப் பொதுநேரமாகக் கொண்டது. 2015-ஆம் ஆண்டுப் பதிப்பு அதனைக் கணினியின் உள்ளூர் நேரமாகக் கொண்டது. 2016-ஆம் ஆண்டுப் பதிப்பு, நாள் மட்டும் இருந்தால் பொதுநேரம், நேரமும் சேர்ந்திருந்தால் உள்ளூர் நேரம் எனப் பிரித்தது. இந்திய நேரத்தில் இயங்கும் கணினியில் இவ்வேறுபாடு ஐந்தரை மணி. ‘2024-02-01’ என்பதை உள்ளூர் நள்ளிரவாகக் கொண்டால் அது பொதுநேரத்தில் சனவரி 31, மாலை 6.30 மணியாகிவிடும். ஒரு விண்ணப்பத்தின் இறுதிநாளோ ஒருவரின் பிறந்தநாளோ ஒருநாள் முன்னதாகப் பதிவாக இதுவே போதும். இங்கு ‘எக்மாஸ்கிரிப்டின்படி’ என்னும் சுட்டல் எதையும் விளக்குவதில்லை. எவ்வாண்டுப் பதிப்பின்படி என்பதே விளக்கமாகும்.

4. ஒருங்குறிப் பதிப்பும் தமிழ்ச் சுழியமும்

தமிழாய்வோடு நேரடித் தொடர்புடைய வழக்கு ஒருங்குறியாகும். எழுத்து ஒன்று எழுத்தா, எண்ணா, குறியா என்று வினவும் செயற்கூறுகள் ஒருங்குறித் தரநிலையின் தரவுகளைக்கொண்டே விடையளிக்கின்றன. ஜாவாவின் எழுத்துக்குரிய இனக்குழு, தான் பின்பற்றும் ஒருங்குறிப் பதிப்பின் எண்ணைத் தன் ஆவணத்தில் கூறுகிறது. அச்சிறு எண் தரும் செய்தி பெரிது.

தமிழெண்களுள் ௧ முதல் ௯ வரையிலானவை தொடக்கத்திலேயே ஒருங்குறியில் இடம்பெற்றன. சுழியமாகிய ௦ என்பது 2005-இல் வெளியான 4.1-ஆம் பதிப்பில்தான் சேர்க்கப்பட்டது. 2006 இறுதியில் வெளியான ஜாவா 6 ஒருங்குறி 4.0-ஐயே பின்பற்றியது. ஆகவே தமிழ்ச் சுழியம் தரநிலையில் இடம்பெற்று ஓராண்டுக்கும் மேலான பின்னரும், அந்த ஜாவாவில் அது வரையறுக்கப்படாத குறியாகவே இருந்தது. ‘௧௧’ என்பதை எண்ணாக வாசிக்க முடிந்த நிரலால் ‘௧௦’ என்பதை வாசிக்க இயலவில்லை. ஒருங்குறி 6.0-ஐப் பின்பற்றிய ஜாவா 7, 2011-இல் வெளியானபோதுதான் அக்குறை நீங்கியது.

இது கடந்தகாலச் செய்தி மட்டுமன்று. முந்திரி, காணி, மா முதலிய பின்னங்களுக்கும் அளவைகளுக்கும் உரிய பழந்தமிழ்க் குறிகள் உள்ளிட்ட 51 குறிகள், 2019-இல் வெளியான ஒருங்குறி 12.0-இல் ‘தமிழ் இணைப்பு’ என்னும் தனித்தொகுதியாகச் சேர்ந்தன. நீண்டகால ஆதரவுக்குரிய பதிப்பாகப் பரவலாகப் பயன்படும் ஜாவா 11, ஒருங்குறி 10.0-ஐப் பின்பற்றுகிறது. அதில் இக்குறிகள் வரையறுக்கப்படாதவை. அடுத்த நீண்டகாலப் பதிப்பான ஜாவா 17, ஒருங்குறி 13.0-ஐப் பின்பற்றுவதால் அவற்றை அறியும். பழைய கணக்கேடுகளையும் ஓலைக் கணக்குகளையும் மின்னுருவாக்கி ஆராயும் இருவர், ஒரே தரவையும் ஒரே நிரலையும் இவ்விரு பதிப்புகளில் இயக்கினால், குறிகளை வகைப்படுத்தும் அட்டவணைகள் ஒத்திரா. இருவரில் எவரும் பிழை செய்யவில்லை. முரண்பாட்டின் காரணம் ஆவணத்திலுள்ள ஒரு பதிப்பெண்ணில் உள்ளது.

ஜாவா 11-இன் ஆவணம் இப்பதிப்பெண்ணோடு ஒரு விலக்கையும் கூறுகிறது. 2019-இல் தொடங்கிய சப்பானின் புதிய ஆட்சிக்காலத்தைக் குறிக்கும் ‘ரெய்வா’ குறியைப் பிற்பதிப்பிலிருந்து எடுத்துக்கொள்ள அது இசைவளிக்கிறது. ஒரேயொரு குறிக்காகத் தரநிலைச் சுட்டலின் தொடர் திருத்தி எழுதப்பட்டுள்ளது என்பது, அத்தொடர் எத்துணைப் பொறுப்புடன் கையாளப்படுகிறது என்பதைக் காட்டுகிறது. தமிழ்க் குறிகளுக்கு அத்தகைய விலக்கு இல்லை என்பதும் அதே தொடரிலிருந்து அறியத்தக்கதே.

5. நகரும் முகவரிகளும் வாழும் தரநிலைகளும்

இதுவரை கண்டவை பதிப்புச் சிக்கல்கள். இனி, சுட்டப்படும் இடமே நகர்வதால் வரும் சிக்கலைக் காண்போம். ஆர்எஃப்சியின் எண் மாறுவதில்லை. அது வைக்கப்பட்டுள்ள இணையத்தளம் மாறும். ஐஇடிஎஃப் அமைப்பின் ‘டூல்ஸ்’ தளத்தில் இருந்த ஆர்எஃப்சிப் பக்கங்களுக்கு எண்ணற்ற ஆவணங்கள் தொடுப்புக் கொடுத்திருந்தன. அத்தளம் பின்னர் ஓய்வுபெற்று, வருவோரை அவ்வமைப்பின் வேறு தளங்களுக்குத் திருப்பிவிடுகிறது. இவ்வாறு திருப்பிவிடும் ஏற்பாடு இல்லாத இடங்களில் தொடுப்பு அறுந்துபோகும். எனவே தரநிலையின் அடையாளம் வேறு, அதன் இருப்பிடம் வேறு என்று பிரித்தறிவது இன்றியமையாதது.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. எச்டிஎம்எல் தரநிலை 2014-இல் உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் பரிந்துரையாகப் பதிப்பெண்ணுடன் வெளியானது. உலாவி உருவாக்குநர்களின் வாட்டபிள்யூஜி குழுவோ அதே மொழிக்கு எண்ணற்ற, தொடர்ந்து திருத்தப்படும் ‘வாழும் தரநிலை’யை வெளியிட்டு வந்தது. 2019-இல் இரு அமைப்புகளும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி வாழும் தரநிலையே ஒற்றை மூலமாயிற்று. இங்கு முகவரி நிலையானது. அதன் உள்ளடக்கம் மாறிக்கொண்டேயிருக்கும். இன்று படித்த விதி நாளை அதே முகவரியில் வேறாக இருக்கலாம். இத்தகைய தரநிலையைச் சுட்டும்போது பார்த்த நாளையும், அக்குழுவே ஒவ்வொரு திருத்தத்துக்கும் சேமித்துவைக்கும் நிலைப்படியின் முகவரியையும் சேர்த்துத் தருவதே முறை.

6. பேணுவதற்கான கருவிகளும் அவற்றின் எல்லையும்

பல்லாயிரம் பக்கங்கள் கொண்ட ஆவணத்தில் ஒவ்வொரு சுட்டலையும் உரைநடைக்குள் கையால் எழுதினால், ஒரே தரநிலை பல பெயர்களிலும் பல முகவரிகளிலும் சிதறிக்கிடக்கும். அவற்றை ஒருங்கு திரட்டவும் இயலாது. இதற்குத் தீர்வாக இரு கருவிகளைக் குறிப்பிடலாம்.

பைத்தான் ஆவணங்களை உருவாக்கும் ஸ்ஃபிங்க்ஸ் கருவியில் ஆர்எஃப்சிக்கெனத் தனிக்குறியீடு உண்டு. எழுதுபவர் எண்ணை மட்டும் தருகிறார். தொடுப்பைக் கருவி அமைக்கிறது. தளம் மாறினால் அமைப்பில் ஓரிடத்தில் மாற்றினால் போதும். அடையாளத்தையும் இருப்பிடத்தையும் பிரிக்கும் எளிய வழி இது.

ஜாவாவின் ஆவணக் கருவியான ஜாவாடாக்கில் 20-ஆம் பதிப்பில் ‘ஸ்பெக்’ என்னும் குறிச்சொல் சேர்க்கப்பட்டது. அது தரநிலையின் முகவரி, தலைப்பு ஆகிய இரண்டையும் கொள்ளும். இக்குறிச்சொற்கள் அனைத்தையும் கருவி திரட்டி, புறத்தரநிலைகளின் பட்டியலாகத் தனிப்பக்கத்தில் தருகிறது. ஜாவா 21-இன் ஆவணத்தில் அப்பக்கத்தைக் காணலாம். ஒவ்வொரு தரநிலைக்கும் எதிரே, அதனைச் சுட்டும் இனக்குழுக்கள் வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. ஒரே முகவரிக்கு இருவேறு தலைப்புகளோ, ஒரே தலைப்புக்கு இருவேறு முகவரிகளோ தரப்பட்டால் கருவி எச்சரிக்கிறது. ஒரு தரநிலை வழக்கொழிந்தால் எவ்விடங்களை மீளாய்வு செய்யவேண்டும் என்பதை இப்பட்டியல் உடனே காட்டிவிடும். நூலின் இறுதியில் இடம்பெறும் மேற்கோள் அகரவரிசைக்கு இணையானது இது.

ஆயினும் இக்கருவிகளுக்கு எல்லையுண்டு. நிரல் அத்தரநிலையை முழுமையாகப் பின்பற்றுகிறதா, பகுதியாகவா, விலகல்கள் யாவை என்பதை எழுதக் குறிச்சொல்லில் இடமில்லை. இணையச் சேவைகளை விவரிக்கப் பயன்படும் ஓப்பன் ஏபிஐ வரையறையில் புற ஆவணங்களுக்கென ஒரு கூறு உண்டு. அதிலும் விளக்கம், முகவரி என்னும் இரண்டே புலங்கள். ஆகவே உறவை விளக்கும் பொறுப்பு எழுதுபவரையே சார்ந்தது. அதற்கு முன்மாதிரியாகப் பைத்தானின் ஜேசான் கூற்றின் ஆவணத்தைக் காட்டலாம். ஜேசான் எத்தரநிலைகளால் வரையறுக்கப்பட்டது, அவற்றுள் எது எதனை வழக்கொழித்தது என்பதை அது முதலிலேயே கூறுகிறது. பின்னர், தரநிலை ஏற்காத முடிவிலி முதலிய எண்மதிப்புகளைத் தான் ஏற்பதையும், ஒரே பெயர் திரும்ப வந்தால் இறுதி மதிப்பையே கொள்வதையும் ‘தரநிலைப் பொருத்தம்’ குறித்த தனிப்பிரிவில் விளக்குகிறது.

எழுத்தில் தரும் உறுதிமொழியைச் சோதனையால் உறுதிப்படுத்தலாம். 2396, 3986 ஆகிய இரண்டும் சார்புமுகவரிகளுக்கான எடுத்துக்காட்டுகளை விடைகளுடன் தருகின்றன. ஒருங்குறி அமைப்பு சோதனைத் தரவுக்கோப்புகளை வெளியிடுகிறது. எக்மாஸ்கிரிப்டுக்கு ‘டெஸ்ட்262’ என்னும் சோதனைத்தொகுதி உள்ளது. இவற்றை நிரலின் சோதனைகளோடு இணைத்துவிட்டால், சுட்டலும் நடத்தையும் பிரியும் நாளில் சோதனை தோல்வியுறும். பிழை பயனரை அடையுமுன் வெளிப்படும்.

7. நெறிகள்

மேற்கண்ட ஆய்விலிருந்து பின்வரும் நெறிகள் பெறப்படுகின்றன.

1. தரநிலையை அடையாள எண், தலைப்பு, பதிப்பு அல்லது ஆண்டு ஆகியவற்றுடன் சுட்டுக. வாழும் தரநிலையாயின் நாளையும் நிலைப்படியையும் தருக.

2. விதிச்சுட்டலையும் விளக்கச்சுட்டலையும் சொல்லால் வேறுபடுத்துக. ‘இதன்படி இயங்கும்’ என்பதும் ‘இதனையும் காண்க’ என்பதும் ஒன்றல்ல.

3. விரிந்த தரநிலையாயின், ஏற்கும் பகுதியையோ வடிவத்தையோ வரையறுத்து, ஓர் எடுத்துக்காட்டும் தருக.

4. விலகல்களை மறைக்காமல் பட்டியலிடுக.

5. முகவரிகளை உரைநடையில் சிதறவிடாமல், கருவியின் துணையுடன் ஓரிடத்தில் திரட்டுக.

6. தரநிலை வழக்கொழிந்தால், முதலில் நிரலை ஆராய்க. பின்னரே எண்ணைத் தொடுக. நிரல் மாறவில்லையெனில் பழைய எண்ணையே வைத்து, அது வழக்கொழிந்ததையும் வேறுபாடுகளையும் குறிப்பாகத் தருக.

7. இயன்ற இடங்களில் ஒவ்வொரு விதிச்சுட்டலுக்கும் ஒரு சோதனையை இணைத்துவைக்க.

முடிவுரை

இடைமுக ஆவணத்தில் வரும் தரநிலைச் சுட்டல், நிரல் எவ்வாறு நடக்கும் என்பதற்கான உறுதிமொழி. இணைய முகவரி வழக்கில் பழைய எண்ணே உண்மையாக இருந்தது. காலக்குறிப்பு வழக்கில் சரியான பெயரும் போதாததாயிற்று. ஒருங்குறி வழக்கில் ஒரு பதிப்பெண் தமிழ்ச் சுழியத்தின் இருப்பையே தீர்மானித்தது. இம்மூன்றும், புதுமையைக் காட்டிலும் பொருத்தமே சுட்டலின் அளவுகோல் என்பதைக் காட்டுகின்றன.

கணினிவழித் தமிழாய்வு செய்வோர்க்கு இதிலிருந்து ஒரு கடமை எழுகிறது. சொல்லெண்ணிக்கை, எழுத்துப் பகுப்பு, எண்குறிகளின் வகைப்பாடு முதலியவற்றை வெளியிடும்போது, பயன்படுத்திய மொழியின் பதிப்பையும் அது பின்பற்றும் ஒருங்குறிப் பதிப்பையும் சேர்த்துக் கூறவேண்டும். பதிப்பைச் சொல்லாமல் நூற்பா எண்ணை மட்டும் தருவதை ஏற்காத நம் ஆய்வுமரபு, பதிப்பைச் சொல்லாத நிரலின் முடிவையும் ஏற்கலாகாது.